பளிங்குத் தோல்

(சங்க ஆண்டு விழாவில், தாய்மார் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பேசும் புலவர் பெருமக்கள் நிறைந்த இம்மேடையில் மருத்துவனாகிய எனக்கும் அரை மணி நேரம் ஒதுக்கித் தந்திருக்கிறீர்கள். நான் சாம்பியன் ரீஃப் லைன் வீடு ஒன்றில் பிறந்து, இவ்வூர்ப் புழுதியில் விளையாடி வளர்ந்தவன். ஆகையால் இந்த அழைப்பைப் பெருமையாகவே கருதுகிறேன். சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு ஆகியவை பற்றிப் பேசினால் எல்லோருக்கும் பயன்படும் என்று செயலாளர் அன்புடன் சொல்லியனுப்பினார். அவற்றைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். நான் எடுத்துக்கொண்ட பொருளோ மிக அரிதான ஒன்று. உலக மருத்துவ ஏடுகள் அனைத்திலும் சேர்த்துச் சில நூறு குழந்தைகளுக்கே இது பதிவாகியிருக்கிறது. அத்தகைய ஒன்றைக் கோலார் தங்க வயலில், அதுவும் தாய்மார்கள் கூடிய அரங்கில், ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை இவ்வூரின் குளிரில் இருக்கிறது.

நம் ஊர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் அமைந்தது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு அந்தக் குளிரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்நேரத்தில் பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் துணியை விலக்கிப் பாருங்கள். தொடையிலும் கையிலும் வயிற்றிலும் மீன் வலை விரித்தாற்போல நீலமும் சிவப்பும் கலந்த கோடுகள் தெரியும். சலவைக்கல்லில் ஓடும் ரேகைகளைப் போல் இருப்பதால் மருத்துவர்கள் இதைப் பளிங்குத் தோல் என்று அழைக்கிறார்கள். இது நோயன்று. தோலின் அடியிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் குளிரில் சுருங்கவும் வெப்பத்தில் விரியவும் பழக வேண்டும். பச்சிளங் குழந்தையின் உடல் அக்கலையை இன்னும் நன்கு கற்றுக்கொள்ளவில்லை. ஓரிடத்தில் குழாய் சுருங்கும், பக்கத்திலேயே மற்றோரிடத்தில் இரத்தம் தேங்கும். இரண்டும் சேர்ந்து வலைபோலத் தோன்றும். குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்துப் போர்த்துங்கள். சிறிது நேரத்தில் வலை மறைந்துவிடும். மாதங்கள் செல்லச் செல்ல இப்பழக்கமும் நின்றுபோகும்.

இதே வலை மறையாமல் நிற்பதும் உண்டு. நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

1922ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு மருத்துவரான கேட்டோ வான் லோஹாய்சன் என்பவர், பிறவியிலேயே அமைந்த ஓர் அரிய தோல் மாறுபாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'கியூட்டிஸ் மார்மொராட்டா டெலன்ஜியெக்டாட்டிக்கா கன்ஜெனிட்டா' என்பது. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். மருத்துவ மாணவர்களும் அதை மனப்பாடம் செய்யத்தான் திணறுகிறார்கள். பிறவியிலேயே நுண்குழாய்கள் விரிந்து பளிங்குபோலக் காணும் தோல் என்பதே அதன் பொருள். இன்று நான் இதைப் 'பிறவிப் பளிங்குத் தோல்' என்றே குறிப்பிடுகிறேன்.

இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை எந்தத் தாயும் வீட்டிலேயே காணலாம். குளிரினால் வரும் வலை பெரும்பாலும் உடலின் இரு புறமும் ஒத்துக் காணும், போர்த்தினால் மறையும். பிறவி வலையோ பெரும்பாலும் ஒரு பக்கத்தில் இருக்கும். ஒரு கால், அல்லது ஒரு கால் முழுவதும் ஏறி இடுப்போடு நின்றுவிடும். சிலருக்கு உடலின் நடுக்கோட்டில் கத்தியால் வெட்டினாற்போல் முடியும். நிறம் ஆழ்ந்த ஊதா. குழந்தை அழும்போதும் குளிர்படும்போதும் இன்னும் கருக்கும். ஆனால் எவ்வளவு வெதுவெதுப்பாக வைத்தாலும் முழுவதும் மறையாது. கோடு ஓடும் இடத்தில் தோல் சற்றே பள்ளமாகவும் மெலிந்தும் இருக்கலாம். முழங்கால், முழங்கை போன்ற இடங்களில் புண்ணாவதும் உண்டு.

இங்கு ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மேல்நாட்டுப் புத்தகங்களிலுள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. செந்நிறமாகப் பளிச்சென்று தெரியும். நம் குழந்தைகளின் மாநிறத்திலும் கருநிறத்திலும் அது பழுப்பாகவோ சாம்பல் கலந்த ஊதாவாகவோதான் தென்படும். இரவு விளக்கில் பார்த்தால் அழுக்கோ என்று தோன்றும். 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துசேர்ந்த ஊர் நம்முடையது. ஆயினும் குழந்தையின் தோலைப் பார்ப்பதற்கு அந்த வெளிச்சம் போதாது. பகலவனின் வெளிச்சமே வேண்டும். நம் வீடுகளில் இது எளிதன்று என்பதை நான் அறிவேன். 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், தகப்பனும் பல இடங்களில் தாயும் இருட்டில் பெங்களூர் ரயிலேறி இருட்டில் வீடு திரும்புகிறார்கள். பிள்ளையின் உடம்பைப் பகலில் பார்ப்பவள் பாட்டி ஒருத்தியே. அவளுக்கோ கண்ணில் திரை.

இனி என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். நான் படிப்பை முடித்து, பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் இளம் மருத்துவனாகச் சேர்ந்த புதிதில், ஒரு டிசம்பர் மாதக் காலையில், மூன்று வாரப் பெண் குழந்தையோடு ஒரு தாய் வந்தாள். நம் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வந்தவள். குழந்தையின் இடது காலில் வலைக்கோடு. வரிசை நீண்டிருந்தது. நான் காலை ஒரு கணம் பார்த்துவிட்டு, "குளிர்தான் அம்மா, நன்றாகப் போர்த்தி வையுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மற்றொரு காலை நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்திருந்தால் அங்கே கோடு இல்லை என்பது தெரிந்திருக்கும்.

ஆறு மாதம் கழித்து அத்தாய் மீண்டும் வந்தாள். அந்த ஆறு மாதமும் அவள் குழந்தையைக் கம்பளியில் சுற்றியே வைத்திருந்தாள், சித்திரை வெயிலிலும்கூட. கோடு மறையாதது கண்டு, மாமியார் அவளைப் பழித்திருக்கிறார்: "டாக்டரே குளிர் என்று சொல்லிவிட்டார், நீ பிள்ளையைக் குளிரில் போட்டுவிட்டுத் தூங்குகிறாய்." அண்டை வீட்டார் கருவுற்ற காலத்தில் கிரகணம் பார்த்தாயா என்று விசாரித்தனர். தகப்பனின் நண்பர் ஒருவர் சைனைட் குன்றின் காற்றுதான் காரணம் என்றார். எல்லாப் பழியும் அந்த இளந்தாயின் தலையில் இறங்கியிருந்தது. அதற்குத் தொடக்கம் என் வாய்ச்சொல். அன்று நான் நாடாவை எடுத்து இரண்டு கால்களையும் அளந்தேன். இடது தொடையின் சுற்றளவு ஒன்றரை சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. நீளம் சமமாகவே இருந்தது.

முன்பே கண்டிருந்தால் கால் பெருத்திருக்குமோ என்றால், இல்லை. இந்நோயில் பாதிக்கப்பட்ட கை காலின் சுற்றளவு குறைந்திருப்பது சாதாரணம். அதை மாற்ற மருந்தில்லை. முன்பே கண்டிருந்தால் ஒரு தாய் ஆறு மாதம் குற்றவாளிக் கூண்டில் நின்றிருக்க மாட்டாள். அவ்வளவுதான் வேறுபாடு. அது சிறிய வேறுபாடென்று என்னால் சொல்ல இயலவில்லை.

ஆகவே காரணத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசிவிடுகிறேன். பிறவிப் பளிங்குத் தோல் ஏன் உண்டாகிறது? ஒரு நெசவாளி புடவை நெய்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாவு முழுவதும் ஒரே சாயம். நெய்து கொண்டிருக்கும்போது நடுவில் ஓரிழையில் சாயம் மாறிவிட்டால், அவ்விழை ஓடும் இடமெல்லாம் புடவையில் வேறு நிறம் தெரியும்; மற்ற இடங்கள் பழுதின்றி இருக்கும். கருவில் ஓரணு பலவாகப் பிரிந்து பெருகும்போது, அவற்றுள் ஒன்றில் தற்செயலாக ஒரு மாறுதல் நேர்ந்து, அதிலிருந்து பிறந்த அணுக்களில் மட்டும் அம்மாறுதல் தங்கிவிடுகிறது. உடலின் ஒரு பகுதி மட்டும் பாதிக்கப்படுவதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும் என்ற கருத்தை 1987ஆம் ஆண்டில் ஜெர்மானியத் தோல் மருத்துவ அறிஞர் ருடால்ஃப் ஹேப்பிள் விளக்கினார். இந்த மாறுதல் தாய் தந்தையரிடமிருந்து வந்ததன்று. அவர்கள் செய்த எதனாலும் நேர்ந்ததன்று. ஒரே குடும்பத்தில் இருவருக்கு வந்ததாகப் பதிவானவை மிக மிகச் சில.

கிரகணம் பார்த்ததால் வந்ததா? வானத்தில் நிழல் விழுவதற்கும் கருவில் குழாய் விரிவதற்கும் தொடர்பில்லை. பப்பாளி தின்றதாலா, குங்குமப்பூ தின்னாததாலா? இரண்டும் அல்ல. மாமன் மகளை மணந்ததாலா? உறவுத் திருமணம் வேறு சில பிறவி நோய்களுக்கு வழி வகுக்கும் என்பது மெய். அதனை நான் மறைக்கவில்லை. ஆனால் இந்நோய்க்கு அதனைக் காரணமாக்க இடமில்லை. சைனைட் குன்றின் புழுதியைப் பற்றிய நம் மக்களின் குறை நியாயமானது. காற்றடிக்கும் நாளில் அது கண்ணுக்கும் மூச்சுக்கும் செய்யும் தொல்லையை நானும் அனுபவித்தவன். அதற்காகப் போராடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆயினும் இந்த வலைக்கோட்டை அதன் கணக்கில் எழுத மருத்துவத்தில் சான்று எதுவும் காணோம்.

குழந்தையின் உடலில் சிவப்பாக எது கண்டாலும் 'செவ்வாப்பு' என்று பெயரிட்டு உரை மருந்து கொடுப்பது நம் பாட்டிமார் வழக்கம். அதுகூடப் போகட்டும். மஞ்சள் கொம்பைச் சுட்டு வைப்பதும், கம்பியைக் காய்ச்சிச் சூடு போடுவதும் இன்னும் அடியோடு ஒழிந்தபாடில்லை. இதற்கு நான் எவ்வித மரியாதையும் காட்டப் போவதில்லை. பிறவிப் பளிங்குத் தோலில் தோல் ஏற்கெனவே மெலிந்தது. தானே புண்ணாகக் கூடியது. அதன்மேல் சூடு போட்டால் என்னாகும்? நான் பார்த்த ஒரு சிறுவனுக்கு முழங்காலுக்கு மேல் இட்ட சூடு ஆறாமல் நான்கு மாதம் சீழ் வைத்தது. வலைக்கோடு பின்னர் மங்கிவிட்டது. சூட்டின் தழும்பு மட்டும் நிற்கிறது. அவனுக்கு அந்த வடு இட்டது நோயன்று, நாம்.

அப்படியானால் மருத்துவர் செய்வது என்ன? முதலில், இதனைக் கண்ணால் பார்த்தே அறியலாம். ஊசி போட்டு இரத்தம் எடுப்பதாலோ தோலை வெட்டிச் சோதிப்பதாலோ பெரும்பாலும் பயனில்லை. பிறகு உடல் முழுவதையும் பார்க்க வேண்டும். கை கால்களின் நீளமும் சுற்றளவும் ஒத்திருக்கின்றனவா என்று அளந்து எழுதி வைத்து, வளர வளர மீண்டும் அளக்க வேண்டும். நீள வேறுபாடு மிகுந்தால் நடை கெடாமல் எலும்பு மருத்துவர் உதவுவார். உச்சந்தலையில் தோலின்றிப் புண்ணாகவோ வழுக்கையாகவோ ஓரிடம் இருந்து, விரல்களும் குறைபட்டிருந்தால் அது 1945இல் ஆடம்ஸ், ஆலிவர் என்ற இருவர் விவரித்த வேறொரு தொகுதி. அதற்கு இதயத்தையும் சோதிக்க வேண்டும். குழந்தையின் தலை வழக்கத்தை மீறிப் பெருத்து, முகத்திலும் உடலிலும் வலை இருந்தால் அதுவும் வேறு. ஒரு காலத்தில் அதனை இந்நோயோடு சேர்த்தே எண்ணினார்கள்; அதற்குரிய மரபணு மாறுதல் 2012ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது.

முகத்தில், குறிப்பாகக் கண்ணருகே வலையோ செந்நிறப் படலமோ இருந்தால் கண் மருத்துவரைத் தாமதமின்றிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வையைத் திருடிவிடக் கூடும். கண்ணில் ஓயாது நீர் வடிதல், வெளிச்சத்தில் கண்ணை இறுக மூடிக்கொள்ளுதல், கருவிழி பெருத்தல் அல்லது மங்குதல் ஆகியவை அடையாளம். "என் பிள்ளைக்குக் கண் எவ்வளவு பெரிது பார்" என்று மகிழ்கிறோமே, ஒரு கண் மட்டும் பெரிதானால் மகிழாதீர்கள்.

வலை பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் இரண்டாண்டுகளில் ஓரளவேனும் மங்குகிறது; சிலருக்குக் கண்ணுக்கே தெரியாமல் போகிறது; சிலருக்கு நிலைத்தும் விடுகிறது. ஒளிக்கதிர் சிகிச்சை என்று கேள்விப்பட்டுப் பணத்தைக் கடன் வாங்கிக்கொண்டு சிலர் வருகிறார்கள். வேறு சில பிறவிச் சிவப்புக்கு அது நல்ல பலன் தரும். இதற்கு அவ்வளவாகப் பலனில்லை, தழும்பு உண்டாகும் அச்சமும் உண்டு. கடனை வாங்காதீர்கள் என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பேச்சின் பொருளிலிருந்து சற்று விலகி, இதனோடு குழப்பிக்கொள்ளும் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். ஏனெனில் அது அரிதன்று, அங்கே காலம் பொன்னானது. பிறந்தபோது ஒன்றுமில்லாமலோ ஒரு வெளிறிய புள்ளியாகவோ இருந்து, சில வாரங்களில் செக்கச்செவேலென்று புடைத்து வளரும் இரத்தக் குழாய்க் கட்டி அது. நூறு குழந்தைகளில் நாலைந்து பேருக்கு வரும். பெண் குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் மிகுதி. முதல் மூன்று மாதங்களில் விரைவாக வளர்ந்து, பிறகு நின்று, சில ஆண்டுகளில் தானே சுருங்கும். பெரும்பாலானவற்றுக்கு மருந்தே வேண்டாம். ஆனால் கண்ணிமை, மூக்கு, உதடு, தொண்டை ஆகிய இடங்களில் வளர்ந்தால் பார்வையையோ மூச்சையோ மறைக்கும்.

இதற்கு மருந்து கிடைத்த கதை வியப்பானது. 2008ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு போர்தோ நகரில், கிறிஸ்டீன் லியோட்டே-லாப்ரேஸ் என்ற அம்மையார், இத்தகைய கட்டியுள்ள ஒரு குழந்தைக்கு இதயத் தசை தடித்ததற்காகப் புரோபிரனோலால் என்ற மருந்தைக் கொடுத்த செய்தியை வெளியிட்டார். மறுநாளே கட்டியின் சிவப்பு தணிந்து மென்மையாகியதாம்! 1960களில் ஜேம்ஸ் பிளாக் இதயத்திற்கென்று உண்டாக்கிய பழைய மருந்து அது. அவருக்கு 1988இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஏழைக்கும் எட்டும் விலையுள்ள அந்த மருந்து இன்று உலகெங்கும் இக்கட்டிக்கு முதல் மருந்து. ஆனால் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் இரத்தக் கொதிப்பு மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தை பால் குடிக்காத நேரத்தில் கொடுத்தால் இரத்தத்தில் சர்க்கரை வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும். இழுப்பு உள்ள குழந்தைக்குக் கொடுக்கலாகாது. மருத்துவரே அளந்து கொடுக்க வேண்டும். பிறவிப் பளிங்குத் தோலுக்கு இம்மருந்து எவ்விதத்திலும் உதவாது.

அவசரமானது ஒன்று உண்டு. இதுவரை ஆரோக்கியமாக இருந்த கைக்குழந்தையின் உடலில் திடீரென்று வலை படர்ந்து, கை கால் சில்லிட்டு, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, போர்த்திப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். இரத்தத்தில் நச்சுக் கிருமி ஏறியிருக்கலாம். அந்த இரவே, எந்த வண்டி கிடைக்கிறதோ அதில் ஏறி, மருத்துவமனைக்குப் போங்கள். விடியற்கால ரயிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

நம் முன்னோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் இங்கே வந்து தட்டி வீடுகளில் குடியேறிய காலத்தில் பிள்ளைப்பேறு பாட்டியின் கையில் இருந்தது. பிறகு சுரங்க நிறுவனத்து மருத்துவமனை இருந்தது. நர்சம்மா குழந்தையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவாள். இன்று பெங்களூருக்கோ வேலூருக்கோ போக வேண்டியிருக்கிறது. ஒரு நாள் கூலி போகும் என்று தள்ளிப்போடுவதை நான் குறை கூற மாட்டேன். புறப்படுமுன் ஒன்று செய்யுங்கள்: கையிலுள்ள செல்போனில், பகல் வெளிச்சத்தில், இரண்டு கால்களும் ஒருங்கே தெரியும்படி, மாதம் ஒரு படம் எடுத்து வைத்திருங்கள். மருத்துவருக்கு அது பத்துப் பக்கக் குறிப்பைவிட மேலானது. வரிசையில் நின்று அலுத்துப்போன இளம் மருத்துவன் ஒருவன் "குளிர்தான் அம்மா" என்று சொன்னால், "மற்றக் காலையும் பாருங்கள் ஐயா" என்று சொல்லுங்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான், கோபித்துக்கொண்டாலும் பார்ப்பான்.

அந்தப் பெண் குழந்தை என்னவாயிற்று என்று முன்வரிசையில் ஓர் அம்மையார் கேட்கிறார். அவள் இன்று கல்லூரி மாணவி. இரண்டு வயதுக்குள் கோடுகள் பாதிக்கு மேல் மங்கின. இடது கால் இன்றும் சற்று மெலிந்தே இருக்கிறது; செருப்புக் கடைக்காரருக்குக்கூட அது தெரியாது. குளிர் காலத்தில் மட்டும் பழைய வலை சிறிதளவு தலைகாட்டும் என்று சொன்னாள். அவளுடைய பாட்டி பின்னொரு நாள் என்னிடம் வந்து, மருமகளைத் திட்டியதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "அம்மா, அதை உங்கள் மருமகளிடம் சொல்லுங்கள், நானும் அவளிடம்தான் கேட்க வேண்டும்" என்றேன். இருவருமாகப் போய்க் கேட்டோம்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மணி நாலரை ஆகிறது. வெயில் இறங்க இன்னும் சிறிது நேரம் இருக்கிறது. கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்கள், ஐயம் ஏதும் இருந்தால், அரங்கின் பின்புறமுள்ள திறந்த முற்றத்திற்கு வாருங்கள். நாடாவும் கொண்டு வந்திருக்கிறேன்.